துணிச் சுவருக்குள் இரண்டு இரவுகள்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. திருத்தணி முருகனையும் திருப்பதிப் பெருமாளையும் நாடி நடந்து போவோர் தங்கிச் செல்லும் வழி இது. ஆடிக் கிருத்திகை நாட்களில் காவடி எடுத்து வருவோர் சாலையோரம் நான்கு கம்பு நட்டு, மேலே துணி கட்டி, அதன் நிழலில் படுத்துறங்குவதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறோம். அதுவும் ஒரு வகைக் கூடாரமே என்பது, நாங்களே ஒரு கூடாரத்தில் படுத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது (பத்தாம் வகுப்பில் கூடாரத்துக்கு ஏது நேரம்!), எங்கள் பள்ளிச் சாரணியர் பதினாறு பேர், இரண்டு ஆசிரியைகளோடும் ஓர் அருட்சகோதரியோடும் தலக்கோனாவுக்குச் சென்றோம். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தேசியப் பூங்காக்களுள் ஒன்றான ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவில் இருக்கிறது அது. சேஷாசல மலைகளில் 1989-இல் அமைந்த இப்பூங்கா ஏறத்தாழ 353 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நகரி மலையின் மூக்குப் போன்ற பாறையைப் பார்த்துக்கொண்டே புத்தூர், திருப்பதி, சந்திரகிரி, பாக்கராப்பேட்டை எனப் பேருந்தில் போனால் பாதி நாள் பயணம்.

புறப்படுவது எளிதாக இருக்கவில்லை. "பெண் பிள்ளைகள் காட்டில் துணிக்குள் படுப்பதா?" என்று எங்களில் ஒருத்தியின் ஆயா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். அப்பாக்களின் கவலை வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறித் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேரை ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். அந்தச் செய்தியை எல்லையோர ஊர்க்காரர்களான நாங்கள் மறக்கவில்லை. உலகிலேயே இந்தத் தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில்தான் செம்மரம் இயற்கையாக வளர்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான கட்டை. அதன் விலைதான் ஏழைகளைக் காட்டுக்குள் இழுத்தது. "நம் பிள்ளைகள் பூங்காவுக்கு வெளியே தங்குவார்கள். பகலில் மட்டும், அனுமதியோடும் வழிகாட்டியோடும் உள்ளே செல்வார்கள்" என்று அருட்சகோதரி வீடு வீடாக வந்து சொன்ன பிறகே கையெழுத்துகள் கிடைத்தன.

1909-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் கூடியபோது, அழைப்பே இல்லாமல் சில சிறுமியரும் வந்து நின்று "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்களாம். அதன் விளைவாக 1910-இல் சாரணியர் இயக்கம் பிறந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார். அந்தச் சிறுமியரின் வீட்டிலும் ஆயாக்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

பெற்றோர் விதித்த நிபந்தனையால் முதல் இரவைச் சொகுசுக் கூடாரத்தில் கழித்தோம். 'கிளாம்பிங்' என்று இப்போது விளம்பரம் செய்கிறார்களே, அதுதான். பூங்காவுக்கு வெளியே, ஒரு மாந்தோப்பில் இருந்த விடுதி அது. துணிச் சுவர்தான், ஆனால் உள்ளே கட்டில், மெத்தை, கண்ணாடி, வெந்நீர், பின்புறம் குளியலறை! இது புதுமை என்று நினைத்தோம். அக்பரின் பாசறையைப் பற்றி அபுல் ஃபசல் எழுதியிருப்பதை ஆசிரியை சொன்னபோது வாயடைத்துப் போனோம். அதைச் சுமந்து செல்ல 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள் வேண்டியிருந்தனவாம். எங்களுக்கு ஒரு பேருந்து போதுமாயிற்று.

அந்த இரவில் எங்களுக்குக் காடு தெரியவே இல்லை. தோப்பெங்கும் மின்விளக்குச் சரங்கள் தொங்கின. மின்சாரம் நின்றதும் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அதன் ஓசையில் பூச்சிகளின் குரலும் கேட்கவில்லை. நள்ளிரவில் அடுத்த கூடாரத்துக்குள் உறுமலும் கிழிசல் சத்தமும் கேட்டன. அங்கிருந்த நால்வரும் அலறியபடி வெளியே ஓடி வந்தார்கள். பார்த்தால், இரண்டு காட்டுப்பன்றிகள்! வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் வேர்க்கடலை உருண்டையும் பையோடு கட்டிலுக்கடியில் இருந்தன. துணிச் சுவரைக் கிழித்துக்கொண்டு வந்து பையை இழுத்துப் போய்விட்டன. யாருக்கும் அடிபடவில்லை என்பது இறைவன் கருணை. தோப்புக் காவலர் தாத்தா கைவிளக்கோடு ஓடிவந்து, "திண்டி லோபல பெட்டகூடதம்மா" என்றார். தின்பண்டத்தை உள்ளே வைக்கக்கூடாது என்று தெலுங்கில் அவர் சொன்னது எங்களுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. பன்றிகளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வாசனையைத் துணி தடுக்காது.

மறுநாள் வழிகாட்டியோடு அருவிக்குச் சென்றோம். தலக்கோனா அருவி 270 அடி உயரம். ஆந்திர மாநிலத்தில் மிக உயரமானது இதுவே. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எங்களில் பலருக்குத் தலைப்பாகை கழன்றது, அதாவது துப்பட்டா. மரத்துக்கு மரம் தாவிய மலையணிலைப் பார்த்தோம். தேவாங்கு இக்காட்டில் உண்டு. ஆனால் அது இரவில் நடமாடும் பிராணி. நேற்று அத்தனை விளக்குகளை எரியவிட்டால் அது எங்கே வரும் என்று வழிகாட்டி கேட்டார்.

பிற்பகலில், பள்ளியின் சாமான் அறையிலிருந்து கொண்டுவந்த பழைய கித்தான் கூடாரங்களைத் தோப்பின் மறுகோடியில் அடித்தோம். இதில் நாங்கள் கற்றதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். அடுத்து வரும் சாரணியருக்கு உதவும். முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். பட்ட கிளை தலைக்குமேல் இருந்தால் அந்த இடம் ஆகாது. பிறகு கீழே பார்க்க வேண்டும். மணல் பரந்து, மெத்தைபோல இருக்கும் இடம் பெரும்பாலும் ஓடையின் வறண்ட படுகையாக இருக்கும். மலையில் எங்கோ பெய்த மழை நமக்குச் சொல்லாமல் அங்கே வந்து சேரும். முளைகளை நேராக அடிக்கக்கூடாது. தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு இழுக்க இழுக்க முளை பிடுங்கிக்கொள்ளாமல் நிற்கும். பருத்திக் கயிறு பனியில் நனைந்தால் சுருங்கும். ஆகவே பொழுது சாயும் முன் கயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்த மறந்த ஓர் அணியின் முளைகள் விடியலில் மண்ணைவிட்டு எழுந்து நின்றன. அது எந்த அணி என்று எழுத மாட்டோம். எழுதுகிற கையே அதில் இருந்தது. நனைந்த கித்தானை உள்ளிருந்து விரலால் தொட்டால், தொட்ட இடத்திலிருந்து நீர் சொட்டத் தொடங்கும். இது உண்மையா என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு.

கழிப்பிடக் குழியை ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளித் தோண்டினோம். தின்பண்டம் முழுவதையும் தகரப் பெட்டியில் பூட்டிப் பேருந்துக்குள் வைத்தோம்.

நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடுவதே சாரணியருக்கு அழகு என்று எண்ணியிருந்தோம். ஆசிரியை அனுமதிக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம்பெண்கள். அதற்குப் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அவற்றுள் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைக்குச் செல்லும் பாதை. பழைய கற்கால மனிதர் தங்கிய குகை அது. நெருப்பில்லாமல் அன்றிரவு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றோம். உண்மையைச் சொன்னால், வயிறு நிறையவில்லை.

விளக்கணைத்துப் படுத்தபோது நீலகிரி முதுமலையை ஒட்டிய மசினகுடியைப் பற்றி ஆசிரியை சொன்னார். அங்கே சிகூர் பீடபூமியில் யானைகள் காலங்காலமாக நடக்கும் வழியில் விடுதிகள் எழுந்தன. 2010-இல் தமிழக அரசு அதை யானை வழித்தடம் என அறிவித்தது. அதை எதிர்த்த வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் யானைகளின் பக்கமே தீர்ப்பளித்தன. ஆனால் அடுத்த ஜனவரியிலேயே, தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த யானைமீது எரியும் டயரை வீசினார்கள். காதில் தீயோடு அது காட்டுக்குள் ஓடும் காட்சியை நாட்டிலுள்ள பலரும் பார்த்தனர். காயங்களோடு அது இறந்தது. நேற்றிரவு எங்கள் கையிலும் ஏதாவது இருந்திருந்தால் பன்றிகள்மீது வீசியிருப்போமா என்று ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துத் தோப்புக்கு அப்பால் ஏதோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவியது. அதற்குள் பாதிப்பேர் தூங்கிவிட்டிருந்தோம்.

காலையில் செபம் முடித்துக் கூடாரங்களைப் பிரித்தோம். குழிகளை மூடி, முளை பிடுங்கிய பள்ளங்களையும் காலால் மிதித்து நிரப்பினோம். எண்ணிப் பார்த்தபோது ஒரு முளை குறைந்தது. இரும்பு முளை மண்ணில் கிடந்தால் மாட்டின் காலையோ மானின் காலையோ கிழித்துவிடும் என்று அருட்சகோதரி ஓட்டுநரை நிறுத்தச் சொன்னார். பதினாறு பேரும் முழங்காலில் நின்று புல்லைத் தடவித் தேடினோம். முக்கால் மணி நேரம் கழித்துக் காவலர் தாத்தா அதைக் கண்டெடுத்துக் கொடுத்தார். அதன் பிறகே பேருந்து கிளம்பியது.