வலைப்பக்கத்துக்குப் பெயரிடுவார் யாவர்?

நூலுக்குப் பெயர் வாய்க்கும் வகையைப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள் வகுத்துரைத்தனர். முதனூல், ஆக்கியோன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை முதலிய காரணங்களானும் இடுகுறியானும் பெயர் எய்தும் என்பது அவர் கருத்து. இக்காலத்துக் கூகிள் முதலிய தேடுபொறிகளும் வலைப்பக்கங்களின் பெயரைக் காட்டுங்கால் சில காரணங்களை நோக்கியே தெரிந்தெடுக்கின்றன. அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வலைப்பக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல். குறிமொழியில், ஆக்கியோன் தன் பக்கத்துக்குப் பெயர் இடுதற்கென ஓரிடம் உண்டு. தேடுவோர் காண்பது பெரும்பாலும் அப்பெயரே. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கூகிள் நிறுவனம் தலைப்புக்களைத் தெரிந்தெடுக்கும் முறையை மாற்றியது. அடுத்த மாதத்தில், நூற்றுக்கு 87 பங்களவில் ஆக்கியோன் இட்ட பெயரே கொள்ளப்படுவதாக அது அறிவித்தது.

எஞ்சியவற்றின் நிலை யாது? நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களைப்பற்றி ஒருவர் நல்லதொரு பக்கம் எழுதினார் என்று கொள்வோம். அதற்குப் பெயரிடாது விட்டாலும், 'முகப்பு' என்று வாளா இட்டாலும், எல்லாப் பக்கங்கட்கும் ஒரே பெயரைச் சூட்டினாலும், கடந்த ஆண்டின் எண்ணை மாற்றாது வைத்தாலும், பொறி அப்பெயரை ஐயுறுகின்றது. அப்பொழுது பக்கத்தின் மேல் பேரெழுத்தில் விளங்கும் தலைப்பையும், உட்டலைப்புக்களையும், பிற தளத்தார் அப்பக்கத்தைச் சுட்டும் இணைப்புச் சொற்களையும் நோக்கி, ஏற்றதொன்றைக் காட்டுகின்றது. பெயர் மிக நீளின் திரையின் அகலத்துக்கேற்ப இறுதி குறைக்கப்படும்.

இது தமிழர்க்குப் புதுமையன்று. இயற்பெயர் அறியப்படாத புலவர் ஒருவர், தம் குறுந்தொகைப் பாட்டின் உவமையாற் செம்புலப்பெயனீரார் எனப்பெற்றார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதற்கண் நின்ற தொடராற் பெயர் பெற்றன. ஆயின் அப்பெயர்களைத் தெரிந்தோர் பாட்டின் சுவை உணர்ந்த சான்றோர். பொறியோ குறிகளையும் சொற்களையும் கணக்கிட்டுத் தெரிவது. ஆதலின் அது பிழைபடவுங் கூடும்.

தமிழில் எழுதுவோர் சிறப்பாக நோக்கற்பாலது ஒன்றுண்டு. பக்கம் தமிழாயிருக்கத் தலைப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் இடுவார் பலர். பக்கத்தின் மொழியோடும் எழுத்தோடும் பொருந்தாத தலைப்பை மாற்றிப் பொருந்துவதைக் காட்டும் முறையைக் கூகிள் 2022-இல் அறிவித்தது. தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ்ப் பெயரே தகும் என்பதைப் பொறியும் ஒருவாறு உணர்ந்துகொண்டது போலும்!

தேடுவோன் பக்கத்தைப் படித்தபின் தலைப்பை நோக்குவானல்லன். தலைப்பை நோக்கியே பக்கத்தைத் திறப்பான். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப்பற்றி எத்துணை நுட்பமாக எழுதினும், பெயர் பொருளை உணர்த்தாதாயின் அவ்வுழைப்பு எவர் கண்ணிலும் படாது ஒழியும். காட்டும் உரிமை பொறியினது. நல்ல பெயரை ஈயும் கடமை எழுதுவோனது. ஆதலின் சுருக்கமும் தெளிவும் உண்மையும் உடைய பெயரை, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே, நம் மொழியில் இட முந்துவோமாக.