இளங் குற்றவாளிகளும் நம் கடமையும்

குற்றம் புரிந்த சிறுவனைத் தண்டித்தல் எளிது. அவன் மீண்டும் அவ்வழிச் செல்லாது காத்தலே அரிது. அச்சுறுத்தினால் எவனும் திருந்துவான் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்தில் 1970களில் ஒரு முறை கையாளப்பட்டது. வழிதவறும் சிறுவரைச் சிறைக்கு அழைத்துச் சென்று, ஆயுட் கைதிகளைக் கொண்டு சிறைவாழ்வின் கொடுமையை அச்சமூட்டும் வகையிற் கூறச் செய்தனர். பலரும் அதனைப் புகழ்ந்தனர்; பிற மாநிலங்களும் பின்பற்றின. ஆயின், அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டோரையும் செல்லப்படாதோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, சென்றோரே பின்னர் மிகுதியாகக் குற்றம் புரிந்தமை தெரியவந்தது. அச்சம் சின்னாளில் அகலும். அதன்பின் அவனைத் தாங்குவார் யார்?

இவ்வினாவுக்கு நெடுநாட்களுக்கு முன்னரே ஒருவர் விடை கண்டார். 1841ஆம் ஆண்டு பொஸ்ரன் நகர நீதிமன்றிலே, குடிவெறிக் குற்றத்துக்காக நிறுத்தப்பட்ட ஒருவனுக்குச் சப்பாத்துத் தைக்கும் தொழிலினரான ஜோன் ஒகஸ்ரஸ் பிணை நின்றார். மூன்று வாரங்களின் பின் திருந்திய தோற்றத்துடன் வந்த அவனுக்கு நீதிபதி ஒரு சதமும் வழக்குச் செலவுமே விதித்தார். 1859இல் மறையும்வரை, சிறுவர் உட்பட ஏறக்குறைய 2,000 பேருக்கு அவர் பிணை நின்றார். அவர்களுக்கு உறைவிடமும் தொழிலும் தேடிக்கொடுத்தார். நன்னடத்தைக் கண்காணிப்பு முறை தோன்றியது இங்ஙனமே.

நம் நாட்டிலும் 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் இம்முறைக்கு இடமளித்தது. குற்றவாளி சிறை செல்லாது, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் தன் வீட்டிலேயே வாழலாம். ஆயினும் உத்தியோகத்தர் ஒருவரால் ஆவது சிறிதே. ஊரார் அவனைக் "கள்ளன்" என்றே அழைப்பாராயின், பாடசாலை அவனை மீண்டும் ஏற்காதாயின், வேலை கொடுப்பார் எவருமிலராயின், பழைய கூட்டாளிகளிடமன்றி அவன் வேறெங்குச் செல்வான்?

நம் பழைய மாணவருள் வணிகர் உளர், ஆசிரியர் உளர், தொழில் வல்லுநர் உளர். விழாக் கொண்டாடும் இவ்வேளையில் ஒவ்வொருவரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். இடையிலே படிப்பை விட்ட ஒரு பையனுக்குத் தொழில் பழக்குதல், ஒருமுறை தவறியவனுக்கு மறுமுறை இடமளித்தல் ஆகியன பெருஞ் செல்வம் வேண்டாத பணிகள். பொஸ்ரன் நகரத்துத் தொழிலாளி ஒருவருக்கு இயன்றது கற்றறிந்த நமக்கு இயலாதோ?