வாசலுக்கு வந்த மீன்கள்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, சிங்கப்பெருமாள் கோவில் தொடங்கி ஒரகடம், திருப்பெரும்புதூர் வரையிலுள்ள ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கலங்கல் வழியே வழிகின்றன. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று முன்னோர் அழைத்ததற்குக் காரணம், ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு அமைந்த இச்சங்கிலித் தொடரேயாகும். இன்று அத்தொடரின் வாய்க்கால்கள் பலவற்றின்மேல் சாலைகளும் வீட்டுமனைகளும் தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்களும் எழுந்துள்ளன. நீர் தன் பழைய வழியை நாடி வருகிறது. அதனோடு மீன்களும் வருகின்றன. வெள்ளம் வடிந்தபின் அவை வீட்டுப் பள்ளங்களிலும் சாலையோரக் குட்டைகளிலும் சிக்கித் துடிக்கின்றன. திருவருகைக்கால ஞாயிறுகளில் திருப்பலிக்குச் செல்லும் வழியிலேயே இக்காட்சியைக் கண்டிருக்கும் குடும்பங்கள் நம்மில் பல.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இப்பகுதியை வாட்டியது. அத்தகைய நாள்களில் மனித உயிரைக் காப்பதே முதற்கடமை. மீனைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனால் நீர் வடியத் தொடங்கிய மறுநாள், சிறுவர் வாளியுடன் ஓடிவந்து, "அப்பா, இதை என்ன செய்வது?" என்று கேட்கும்போது தகப்பனுக்கு ஒரு விடை தேவைப்படுகிறது.

வந்த மீன்கள் யாவும் வெள்ளத்தால் அடித்து வரப்பட்டவை அல்ல. புதுநீரின் மணத்தை உணர்ந்ததும் முட்டையிடுவதற்காக ஓட்டத்தை எதிர்த்து ஏறி வருபவையும் அவற்றுள் உண்டு. விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியன இவ்வாறு ஏறுபவை. பனையேறிக் கெண்டையை இங்குச் சற்று நின்று பாராட்டத்தான் வேண்டும். 1791ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடியில், டேனிஷ்காரர் பணியிலிருந்த டால்டார்ஃப் என்னும் படை அலுவலர், குளத்தருகே நின்ற பனைமரத்தின் பட்டைப் பிளவிலிருந்து அம்மீனை எடுத்ததாகக் குறிப்பெழுதினார்; 1797இல் இலண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. அது மெய்யாகவே மரமேறுமா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். பனைமரத்தை விட்டுவிட்டாலும், செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் அது நகர்ந்து செல்வது உறுதி. காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பும் அதன் தலைக்குள் உண்டு. ஆகையால் முற்றத்தில் ஒரு பனையேறியைக் கண்டால், அது வழி தவறி வந்தது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை, பயணத்தில் இருக்கலாம்.

கட்லாவும் ரோகுவும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்குச் செவுள் ஒன்றே கதி. வெயிலேற ஏறக் குட்டை நீர் சூடாகிறது. சூடான நீரில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறைவு. 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் தாங்கும் நீர், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். ஆழமற்ற குட்டையில் பல மீன்கள் நெருங்கிக் கிடந்தால் அதுவும் விரைவில் தீர்ந்துபோகும். மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பது பசியால் அன்று, மூச்சுக்காக. எனவே காப்பதாயின் காலையிலேயே காக்க வேண்டும்.

இறங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஓடும் நீரிலும், ஆழம் தெரியாத பள்ளத்திலும், அறுந்த மின்கம்பியுள்ள இடத்திலும் ஒருவரும் கால் வைக்கலாகாது. மீனுக்காக ஒரு பிள்ளையை இழப்பது இரக்கமாகாது. நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் புண்ணுள்ளோர் கரையிலேயே நிற்கட்டும். தேளி என்னும் கரிய மீனைப் பிடிப்பவர் கவனிக்க: அதன் பக்கத்துடுப்பின் முள் நச்சுடையது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அவ்விடத்தை அரைமணி நேரமேனும் வைத்திருந்தால் வலி தணியும். பின்னர் மருத்துவரிடம் செல்க.

மீனை உலர்ந்த கையால் தொட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பான காப்புப்படலம் உரிந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, அகன்ற வாளியில், அதே குட்டை நீரை நிரப்பி, ஈரத்துணியால் மூடிக் கொண்டுசெல்ல வேண்டும். குழாய் நீரை ஊற்றலாகாது. அதிலுள்ள குளோரின் செவுளைச் சுடும்.

எங்கே விடுவது? அருகிலுள்ள எந்த நீரும் ஆகும் என்று நினைப்பது சரியன்று. கூடுவாஞ்சேரி, ஆதனூர்ப் பக்கத்து மிகைநீர் அடையாற்றை நாடுகிறது. செங்கல்பட்டுக் கொளவாய் ஏரியின் மிகைநீர் நீஞ்சல் மடுவின் வழியே பாலாற்றை நாடுகிறது. வெள்ளம் எந்த ஏரியிலிருந்து வந்ததோ அதே தொடரில் விடுவதே முறை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் இருந்தால் அவருக்குச் சொல்லி அனுப்புவது மிக நன்று. மீன்குஞ்சுக்குக் கடன் வாங்கியிருப்பவர் அவர். வலையோடும் ஆட்களோடும் ஓடி வருவார்.

ஆனால் திருப்பி விடவே கூடாத மீன்களும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மைய அரசு 2000ஆம் ஆண்டில் தடை விதித்தது. பெருந்தலையும் நான்கு இணை மீசையும் உடைய அது, நம் நாட்டு மீன்களை விழுங்கித் தீர்ப்பது. அழகுத் தொட்டிகளில் பாசி தின்ன வளர்க்கப்படும், உடலெங்கும் கடினத் தகடு போர்த்த மீனும் இன்று நம் நீர்நிலைகளில் பெருகியுள்ளது. 2018இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, பண்ணைகளிலிருந்து தப்பிய அமேசான் நாட்டு அரபைமா மீன்கள் சாலக்குடி ஆற்றில் அகப்பட்டன. இன்ன மீன் என்று விளங்காவிடில் தனித் தொட்டியில் வைத்து மீன்வளத் துறையினரைக் கேட்பதே தக்கது. இடமின்றிப்போன வளர்ப்பு மீனை ஏரியில் விடுவது, கருணையின் பெயரால் செய்யும் கேடு.

பிடித்துச் சமைக்கலாமா என்றும் சிலர் தயங்கிக் கேட்பர். வெள்ளத்தில் கூலி இழந்த குடும்பத்தின் சட்டியில் இரண்டு விரால் விழுவதைக் குறைகூற எனக்கு மனமில்லை. பேதுருவும் யோவானும் மீன் பிடித்தே பிழைத்தவர்கள். தடை வேறிடத்தில் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்த நீரில் கிடந்த மீனையும், எண்ணெய் வாடை வீசும் மீனையும், நாம் காணுமுன்பே செத்துக் கிடந்த மீனையும் உண்ணலாகாது. கொதிக்க வைப்பதால் இரசாயனம் போய்விடாது. 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் எண்ணெயால் கறுத்ததையும், அங்குள்ள மீனவர் தொழிலிழந்து நின்றதையும் நாம் மறந்துவிடவில்லை. செத்தவற்றைக் கிணற்றுக்கு எட்டத்தில் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே சுகாதாரம்.

முட்டையிட ஏறி வரும் மீனைக் கலங்கலில் வழிமறித்து மூட்டைமூட்டையாய் அள்ளுவது வேறு. ஊத்தா என்று மலையாளிகள் அழைக்கும் இவ்வேட்டையைக் கேரளம் 2010ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தால் தடுத்துள்ளது. உயிரினம் ஒவ்வொன்றுக்கும் மனிதனின் பயன்பாட்டைக் கடந்த மதிப்பு உண்டென்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் கற்பித்தார். விராலைப் பார்ப்போர்க்கு அது எளிதில் விளங்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன் அது. நீர்மேல் செந்நிறப் பொடிக்கூட்டம் ஒன்று ஒன்றாய்ச் சுழன்று திரிந்தால், அதன் கீழே தாயோ தந்தையோ இருப்பது உறுதி. அப்பெரிய மீனை எடுத்துவிட்டால் குஞ்சுகளைக் கொக்கும் பிற மீன்களும் ஒருநாளில் முடித்துவிடும்.

அத்தகைய குட்டையில் வாளியை இறக்கவே வேண்டாம். ஓடும் வாய்க்கால் பக்கத்தில் இருக்குமாயின், ஒரு மண்வெட்டி எடுத்துக் குட்டையிலிருந்து அதற்கு ஒருசாண் அகலத்தில் வழி வெட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பொழுது சாயுமுன் பெரியது முன்செல்ல, குஞ்சுகள் பின்தொடரக்கூடும்.