ஃபாயிலில் முதலில் இறங்கப் பழகுங்கள்

விண்ட்சர்ஃபிங் பலகையின் அடியில் ஒரு தண்டு. அதன் கீழ்முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு சிறு இறக்கைகள். இதுதான் ஃபாயில். வேகம் பிடித்ததும் முன் இறக்கை நீருக்குள் இருந்தபடியே தூக்க, பலகை தண்ணீரை விட்டு எழும்பி ஓடும். ஒலிம்பிக்கில் 2024இல்தான், மார்சே கடலில், ஐக்யூஃபாயில் என்ற வகையாக ஃபாயில் விண்ட்சர்ஃபிங் முதன்முறை இடம்பெற்றது.

எப்படி எழும்புவது என்றுதான் புதியவர்கள் கேட்கிறார்கள். எழும்புவது தானாக நடந்துவிடும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால், சிறிய இறக்கையே ஆளையும் பாயையும் சேர்த்துத் தூக்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். சிக்கலும் அங்கேதான். பலகை நீரை விட்டதும் இழுவை குறைகிறது, வேகம் ஏறுகிறது, அதனால் தூக்குவிசை இன்னும் ஏறுகிறது. தடுக்காமல் விட்டால் இறக்கை நீருக்கு வெளியே வந்துவிடும். தூக்குவிசை நொடியில் அறுந்து, பலகை தொப்பென்று விழும்; ஆள் பாயோடு முன்னால் வீசப்படுவார்.

தடுப்பது முன்கால். விண்ட்சர்ஃபிங்கில் பின்காலை ஊன்றிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது இதனால்தான். எடையை முன்காலில் வையுங்கள். எழும்பப் பின்காலில் லேசாக ஓர் அழுத்தம் போதும். உடனே முன்காலுக்குத் திரும்பிவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு சாண் உயரம் எழும்பி, வேண்டுமென்றே நீரில் இறக்குங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அப்படியும் மூக்கு தூக்கிக்கொண்டே இருந்தால், பாய்மரத்தின் அடியைப் பலகையில் சற்று முன்னே நகர்த்திப் பாருங்கள்.

அகலமான பலகை, பெரிய முன் இறக்கை, குட்டையான தண்டு வாங்குங்கள். பெரிய இறக்கை குறைந்த வேகத்திலேயே நிதானமாகத் தூக்கும். தண்டு குட்டையானால் விழும் உயரமும் குறைவு. மணிக்கு 20 முதல் 28 கி.மீ. வரை சீராக வீசும் காற்றும், 5 அல்லது 6 சதுர மீட்டர் பாயும் பெரும்பாலோருக்குப் போதும். காற்றுக்குக் குறுக்காக ஓட்டுங்கள்.

ஹெல்மெட்டும் அடிதாங்கும் மேல்சட்டையும் இல்லாமல் இறங்க வேண்டாம். தண்டு நீருக்குள் நீண்டிருப்பதால் இடுப்பளவுத் தண்ணீர் ஆபத்து, கழுத்தளவாவது வேண்டும். விழுவது உறுதியாகிவிட்டால் பின்பக்கமாக, ஃபாயிலை விட்டு விலகி விழுங்கள். விழுந்தபின் பலகைக்கு அடியில் காலை உதைக்காதீர்கள், இறக்கையின் விளிம்பு வெட்டும். குளிப்பவர்கள் இருக்கும் பக்கம் போகவே கூடாது. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், பலகையைக் கரையிலேயே வைத்துவிடுங்கள்.