ரகுசா குடியரசு

ரகுசா குடியரசு என்பது ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில், இன்றைய குரோவாசியாவின் துப்ரோவ்னிக் நகரை மையமாகக் கொண்டு விளங்கிய கடல் வணிகக் குடியரசாகும். சிறிய நாடான இது, படைவலிமையைவிட உடன்படிக்கைகளையும் திறையையுமே நம்பிப் பேரரசுகளுக்கிடையே நிலைத்து நின்றது.

எழுச்சி

1205 முதல் வெனிசு குடியரசின் மேலாட்சியில் இருந்த ரகுசா, 1358 ஆம் ஆண்டின் சாதார் உடன்படிக்கைக்குப் பின், அங்கேரி மன்னரின் பெயரளவிலான மேலாட்சியில் தன்னாட்சி பெற்றது. பால்கன் சுரங்கங்களின் வெள்ளியும் ஈயமும் இதன் துறைமுகம் வழியாக இத்தாலிக்குச் சென்றன. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உதுமானியப் பேரரசுக்கு ஆண்டுதோறும் 12,500 டுகாட் தங்க நாணயங்களைத் திறையாகச் செலுத்தி, அப்பேரரசில் வணிகச் சலுகைகளைப் பெற்றது.

ஆட்சிமுறை

ஆட்சி உயர்குடியினரிடம் இருந்தது. அதிகாரம் ஒருவரிடம் குவியாதிருக்க, ரெக்டர் எனப்பட்ட ஆட்சித்தலைவரின் பதவிக்காலம் ஒரு மாதமாக வரையறுக்கப்பட்டது. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 30 நாட்கள் தனிமைப்படுத்தும் சட்டம் 1377 இல் இயற்றப்பட்டது.

வீழ்ச்சி

அட்லாண்டிக் கடல்வழிகள் வளர்ந்தமையால் நடுநிலக் கடல் வணிகம் முக்கியத்துவம் இழந்தது. 1667 ஏப்ரல் 6 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியை அழித்தது, ரெக்டரும் உயிரிழந்தார். அதன்பின் நகரம் மீளக் கட்டப்பட்டபோதிலும், பழைய செல்வநிலை முழுமையாகத் திரும்பவில்லை. 1806 இல் நெப்போலியனின் படை நகருக்குள் நுழைந்தது. திறைக்கும் பேச்சுவார்த்தைக்கும் இணங்காத அப்பேரரசின் தளபதி மார்மோன், 1808 இல் குடியரசைக் கலைத்தார்.