எலிக்குள் ஒரு சாது ராடிக்கல்

ஃபேஸ் கிரீம் விளம்பரம் வரைக்கும் வந்துவிட்ட பெயர்தான் ஃப்ரீ ராடிக்கல். எலக்ட்ரான்கள் பொதுவாக ஜோடி ஜோடியாகவே இருக்கும். ஜோடி சேராத எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறு இது. உயிருள்ள எலிக்குள் இதைப் படம்பிடிக்கலாமா? உடலில் தானாகப் பிறப்பதை அநேகமாக முடியாது. ஹைட்ராக்ஸில் ராடிக்கல் நானோ விநாடிகளில் எதிரே கிடைத்ததைக் கடித்துவிட்டுக் காணாமல் போகும்.

அதனால் ஆய்வகத்தில் செய்த சாதுவான ராடிக்கல் ஒன்றை, நைட்ராக்ஸைடு வகையில், எலியின் வாலிலுள்ள சிரையில் ஊசி போட்டு உள்ளே அனுப்புகிறார்கள். செல்கள் அதற்கு எலக்ட்ரான் கொடுத்து ஜோடி சேர்த்துவிட்டால் சமிக்ஞை அணைந்துபோகும். எங்கே, எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதுதான் செய்தி.

அதைப் பார்ப்பது எப்படி? எம்.ஆர்.ஐ. பார்ப்பது தண்ணீரின் புரோட்டான்களை. எலக்ட்ரானின் காந்தத்தன்மையோ புரோட்டானைப் போல 658 மடங்கு. எலக்ட்ரான்களை ரேடியோ அலையால் உசுப்பினால் அந்தப் பலம் அருகிலுள்ள அணுக்கருக்களுக்கும் கைமாறும் என்று 1953-இல் இயற்பியலாளர் ஓவர்ஹவுசர் சொன்னபோது, துறையின் பெரிய தலைகளே நம்பவில்லை. அதே ஆண்டில் கார்வரும் ஸ்லிக்டரும் லித்தியம் உலோகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். 1988-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டேவிட் லூரி குழு இதைப் படமாக்கியது: உசுப்பி ஒன்று, உசுப்பாமல் ஒன்று, கழித்தால் மிஞ்சுவது ராடிக்கல் இருக்கும் இடம். தண்ணீரில் இந்த லாபம் கொள்கையளவில் 300 மடங்குக்கு மேல். எலிக்குள் அவ்வளவெல்லாம் கிடைக்காது.

இங்கே ஒரு சிக்கல். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ.யின் 1.5 டெஸ்லாவில் எலக்ட்ரானை உசுப்ப 42 கிகாஹெர்ட்ஸ் வேண்டும். அந்த அலை தோலைத் தாண்டாது, சூடுதான் மிச்சம். காந்தப்புலத்தைச் சுமார் 10 மில்லிடெஸ்லாவுக்கு இறக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் போதும். அது எலிக்குள் தாராளமாக நுழையும். ஆனால் அவ்வளவு குறைந்த புலத்தில் புரோட்டான் படம் மங்கிவிடும். ஆகவே புலத்தை இறக்கி உசுப்பு, உடனே ஏற்றிப் படமெடு என்று ஒரே ஓட்டத்தில் இரண்டையும் செய்தார்கள். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான் என்பேன்.

இதே உத்தியில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் டிரைட்டில் என்ற ராடிக்கலைக் கொண்டு எலியின் புற்றுக்கட்டிக்கு ஆக்ஸிஜன் வரைபடமே தயாரித்திருக்கிறார்கள்; சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எஸ். சுப்பிரமணியனுக்கு அதில் பெரிய பங்கு. ஆக்ஸிஜனிடமும் ஜோடியில்லாத எலக்ட்ரான்கள் இரண்டு உண்டு. அது நெருங்க நெருங்க டிரைட்டிலின் சமிக்ஞைக் கோடு அகலமாகும். ஆக்ஸிஜன் வற்றிய செல்லைக் கதிர்வீச்சால் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு அளவு தேவைப்படலாம் என்பதால், கட்டியின் எந்த மூலை வறண்டிருக்கிறது என்பது சிகிச்சைக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.