கழுத்தில் ஒரு கோடு

1951இல் பெனடிக்ட் கேசன் கலிபோர்னியாவில் உருவாக்கிய ஸ்கேனர், கழுத்தின் மேல் வரிவரியாக ஊர்ந்து தைராய்டைப் புள்ளிகளாக வரைந்தது. ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையைக் கடக்க ஒரு நொடி போதும்; அவ்வளவு மெதுவான கருவியில் விழுங்குதல் எங்கே சிக்கும்? முழுப் பரப்பையும் ஒரே வேளையில் பார்க்கும் காமா கேமராவை ஹால் ஆங்கர் 1950களின் இறுதியில் தந்தார். பின்னர் இப்படங்களுக்காகக் கொடுக்கும் கதிரியக்க மருந்தாக டெக்னீசியமும் புழக்கத்துக்கு வந்தது. தைராய்டு படத்தின் நடுவே சில வேளை செங்குத்தாக ஒரு கோடு விழும். உமிழ்நீரோடு இறங்கிய மருந்து உணவுக்குழாயில் தங்கியதுதான். தண்ணீர் குடிக்கச் சொல்லி மறுபடம் எடுப்பார்கள். கோடு மறைந்தால் வேலை முடிந்தது.

இன்றும் தண்ணீர்தான். ஆனால் குடித்தும் நகராத கோடு இன்று கேள்வியாகிறது: உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்காத அக்கலேசியாவா, தொண்டையருகே பை போலப் புடைத்திருக்கிறதா?

இரைப்பைச் சோதனையின் கதையும் இப்படித்தான். 1966இல் கார்டிஃபில் காலை உணவில் குரோமியம்-51 கலந்து கொடுத்து, இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று அளந்தார்கள். 2008இல் அமெரிக்காவில் வகுத்த நெறிப்படி டெக்னீசியம் கலந்த முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம். நான்கு மணி நேரம் வரை படங்கள். (தென்னிந்தியாவில் இட்லியிலும் கலந்து பார்த்திருக்கிறார்கள்.) கணக்கு என்னவோ வயிற்றுக்குத்தான். ஆனால் படத்தின் மேலோரத்தில், நுரையீரல் இருக்கும் இடத்தில், ஒரு பொட்டு தெரிந்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கக்கூடும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். பக்கவாதம் வந்த சிலருக்கோ இருமலே இல்லாமல் புரையேறும். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

புற்றுநோயைத் தேடி எடுக்கும் பெட் ஸ்கேனில் ஒரு பக்கக் குரல்நாண் மட்டும் ஒளிர்ந்தால் புற்றோ என்று பதறத் தோன்றும். பல வேளை நோய் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அங்கே நரம்பு செயலிழந்து நாண் அசையாமல் கிடக்க, ஒளிர்வது அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் நல்ல நாண். சிடியும் பெட்டும் ஒன்றாக இணைந்த கருவிகள் 2001 வாக்கில் மருத்துவமனைகளுக்கு வந்த பிறகு, அந்த நரம்பை அழுத்தும் கட்டியை மார்புவரை தேடிப்போவது எளிதாயிற்று. நாண்கள் சரியாக மூடாவிட்டால் குரல் மட்டுமா கம்மும்? தண்ணீரும் வழிதவறும்.

இவற்றில் எதுவும் விழுங்குதலைச் சோதிக்க எடுத்த படமல்ல. உறுதி செய்ய பேரியம் கொடுத்து வீடியோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது மூக்கு வழியே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, இத்தகைய சேதி அறிக்கையின் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. நுரையீரலில் பொட்டு தெரிந்தால் அதை முதல் வரியில் எழுதுவதே முறை. இரைப்பைக் கணக்கு அடுத்த வரிக்குக் காத்திருக்கலாம்.